பாம்பரணைக்குக் கால் உண்டு: பன்வில வரை ஒரு விசாரணை

சென்ற மாதம், மழை விட்ட முதல் சனிக்கிழமை, நான் கண்டியிலிருந்து பன்விலவுக்குப் போய் வந்தேன். நீர்வீழ்ச்சி பார்க்கவோ மலை ஏறவோ அல்ல. மண்ணுக்குள் வாழும், பென்சில் தடிப்புள்ள ஓர் அரணைக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று என் கண்ணால் பார்த்துவிட்டு வரப் போனேன். எழுபத்தாறு வயதில் இதற்கு ஒரு பயணமா என்று கேட்பவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

காரணம் என் கணவர். அவர் கண்டியில் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தார். காசோலைகளில் உள்ள கையெழுத்துகளைச் சரிபார்ப்பது அவருடைய வேலையில் பாதி. அதற்கென்று பித்தளைப் பிடி போட்ட ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஹந்தானை மலைச் சரிவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் என்னுடைய அந்தூரியச் சட்டி ஒன்றை இடம் மாற்றத் தூக்கினார். சட்டிக்கு அடியில், ஈர மண்ணில், பழுப்பு நிறத்தில் ஒன்று கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். நான்கு கால்கள். ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவு. அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோது அது நெளிந்து சீமெந்துக் காணில், அந்த வடிகாலில், இறங்கிக்கொண்டிருந்தது. காணின் மறுபக்கத்து மண்ணில் புகுந்து மறைந்துவிட்டது.

"கால் பாத்தீங்களா?" என்றேன்.

"காலா? மண்புழுவுக்கு ஏது கால்?" என்றார்.

அன்று தொடங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் கொடுத்து முடிவதற்குள், "மண்புழுவுக்குக் கால் எண்ணுகிற பெண்மணியைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ" என்று என்னைக் காட்டுவார். விருந்தினர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் கொன்வென்டில் படித்தவள். விலங்கியல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: கண்டதை வரை, காணாததை வரையாதே. தவளைக்கு ஒரு விரல் கூடுதலாக வரைந்த பிள்ளை அன்று மாலை வீட்டுக்குப் போகப் பிந்தும். அப்படி வளர்ந்தவள் இல்லாத காலைக் கண்டேன் என்று சொல்வேனா?

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாலையில் மறுபடி கேட்டேன். "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. அன்றைக்குக் கால் பாத்தீங்கதானே?" அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, "இல்ல" என்றார். மூன்று ஆண்டுகளாக அந்த "இல்ல" என்னோடு இருக்கிறது. கால் இருந்ததில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு மனிதர் வேடிக்கைக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கினாரா? அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். தனியாக இருக்கும் வீட்டில் அற்ப விஷயங்களுக்கு இடம் அதிகம்.

முதலில் ஹந்தானையிலேயே தேடினேன். வீட்டை விற்றுவிட்டு இப்போது நகரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். புதிய சொந்தக்காரர்கள் மரியாதையானவர்கள். தேநீர் தந்தார்கள், பின்பக்கத்தையும் காட்டினார்கள். என் அந்தூரியங்கள் நின்ற இடம் முழுக்க இப்போது கல் பதித்திருக்கிறார்கள். மிகச் சுத்தம். ஓர் எறும்புகூட ஒதுங்க இடமில்லாத சுத்தம். பாராட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஏமாற்றத்தை இந்த வலைப்பதிவில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் தர்ஷினி, பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. "அம்மா, எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று வரும். எல்லாரும் பாம்புக் குட்டி என்று அடித்துவிடுவார்கள். கவ்வாத்துச் சாமி இடத்தில்தான் அதிகம். அடுத்த சனிக்கிழமை சாமி கும்பிடுகிறோம், வாங்க" என்று எழுதியிருந்தார்.

கவ்வாத்து என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடும் வேலை. அதைத் தொடங்கும் முன் மலையில் ஒரு கல்லுக்குப் பூசை போடுவார்கள். அந்தக் கல்தான் கவ்வாத்துச் சாமி.

காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். வண்டி நஸீருடைய முச்சக்கர வண்டி. நஸீருக்கு நாற்பது வயதிருக்கும், மடவளைக்காரர். என் மருந்து, மரக்கறி, கண் வைத்தியர், எல்லாவற்றுக்கும் அவர்தான். போய், காத்திருந்து, திரும்பி வர ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், கடைசி நான்கு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை. பஸ்ஸில் போக விரும்புபவர்கள் கண்டியிலிருந்து வத்தேகம ஊடாகப் போகலாம். மிக மலிவு. ஆனால் பன்விலக் கடைத்தெருவில் இறங்கி மீதித் தூரத்துக்கு எப்படியும் ஒரு வண்டி பிடிக்க வேண்டும்.

மடவளை தாண்டியதும் நஸீருக்குப் பொறுக்க முடியவில்லை.

"மேடம், செல்லுங்களே. பன்விலயில என்ன அலுவல்?"

"அரணை பார்க்கப் போறேன்."

"அரணையா? எங்கட வீட்டு மதில்ல நாலு ஈக்கி. உம்மா தெனமும் வெளக்குமாத்தால வெரட்டுறா. சும்மாவே காட்டியிருப்பேனே."

"அது வேற. இது மண்ணுக்குள்ள இருக்கிறது. கால் இருக்கா இல்லையான்னு பார்க்கணும்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கால் ஈந்தா என்ன, இல்லாட்டி என்ன மேடம்?"

பிறகு கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்டதையும் சொன்னேன். வத்தேகம வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். "ஒங்கட சேர் லேசுப்பட்ட ஆளில்ல" என்று மட்டும் சொன்னார். வத்தேகமவில் இடியப்பமும் பருப்பும் சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய். சம்பல் நன்றாக இருந்தது. மேசை துடைக்கும் துணியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போகும் வழியில் நேரம் இருக்கிறது, ஆகவே இந்த அரணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசித்ததையும் பார்த்ததையும் நான் கலப்பதில்லை. முதலில் வாசித்தது. இதைப் பாம்பரணை என்கிறார்கள். இந்த இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கேயே பல வகைகள் உண்டு: சிலவற்றுக்கு நான்கு கால்கள், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. கண்டிப் பகுதியில் காணப்படும் ஒரு வகைக்கு நான்கு குட்டைக் கால்களும் ஒவ்வொரு காலிலும் மூன்று விரல்களும் உண்டு. (இதை வாசித்த அன்று நான் தனியாக இரண்டாம் தேநீர் போட்டுக் கொண்டாடினேன்.) ஈரமான, பொலபொலப்பான மண்ணில், உக்கிய இலைக்கும் இற்றுப்போன கட்டைக்கும் அடியில் வாழும். மண்புழு, சிறு பூச்சி, அவற்றின் புழுக்கள் இவைதான் சாப்பாடு. கட்டைக்கு அடியிலோ மண்ணிலோ நீள் வடிவில் இரண்டே இரண்டு முட்டை இடும். விஷம் கிடையாது. பிடித்தால் வாலை உதறிவிட்டுத் தப்பும். கால்கள் நடப்பதற்கு அநேகமாக உதவாது. மண்ணுக்குள் அது நடப்பதில்லை, நீந்துகிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் போனேன் என்றால், புத்தகம் என் கட்சிதான், ஆனால் எங்கள் அந்தூரியச் சட்டிக்கு அடியில் புத்தகம் இருக்கவில்லை.

எட்டேகாலுக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தர்ஷினி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முகப்பில் காத்திருந்தார். இருபத்தேழு வயதுப் பெண், நறுக்கென்று பேசுபவர். அவருடைய மாமியார் லெச்சுமி, கொழுந்து எடுப்பவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, இம்புட்டு வயசுல மலை ஏறிருவீங்களா?" என்றார்.

"ஏறிருவேன். நீங்க ஏறுவீங்கதானே?" என்றேன். அதன் பிறகு எங்களுக்குள் நல்ல சிநேகம்.

சாமி இடத்துக்கு லயத்திலிருந்து கால் மணி நேர ஏற்றம். நான் அரை மணி நேரம் எடுத்தேன். தேயிலைக்கு நடுவே, ஒரு பெரிய பலாமரத்தின் அடியில், முழங்கால் உயரக் கல். அதைச் சுற்றிச் சிறு கற்களால் ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே மண் வெறுமையாகக் கிடந்தது. உள்ளே ஓர் ஆண்டு இலை அப்படியே குவிந்து உக்கியிருந்தது. ஒரு பக்கம் விழுந்த பலாக்கிளை ஒன்று இற்றுப்போய்க் கிடந்தது.

ஏன் இந்த வித்தியாசம் என்பது வட்டத்தின் வாசலில் எனக்குத் தெரிந்தது. பூசை போடுபவர் மாரிமுத்து, கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, இரும்பு ஏதாச்சும் இருக்குங்களா?"

இந்தத் தோட்டத்தில் வழக்கம் இது. கவ்வாத்துக் கத்திகளை வாழை இலையில் வைத்துச் சாமி முன் படைப்பார்கள். வருஷத்தில் அந்த வட்டத்துக்குள் போகும் முதல் இரும்பு அந்தக் கத்திகளாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை முள்ளோ, அதாவது மண் கிளறும் அந்த இரும்புக் கவையோ, மண்வெட்டியோ, ஓர் ஆணியோகூட உள்ளே போகக்கூடாது. பூசைக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்வதும் வெறும் கையால்தான். தேயிலை மலை முழுவதும் முள்ளுப் போட்டுக் கிளறுகிறார்கள், இந்த ஒரு வட்டத்தை மட்டும் யாரும் கிளறுவதில்லை. அரணை ஏன் இங்கே இருக்கிறது என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

குடையை வெளியே வைத்தேன். சாவிக் கொத்து, கைப்பை, எல்லாம். லெச்சுமி என் தோளைப் பார்த்தார்.

"அம்மா, சேல ஊசி."

"அது சின்ன ஊசி."

"சின்ன ஊசியும் இரும்புதாங்களே."

நான் பதினைந்து வயதிலிருந்து மடிப்பு ஊசி குத்தாமல் வாசல் தாண்டியதில்லை. கழற்றிக் கொடுத்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கொண்டை ஊசிகளும் போயின. மாரிமுத்து நான் கொண்டுபோயிருந்த என் கணவரின் பூதக்கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பித்தள. போகலாம்" என்றார்.

அடுத்தது தொலைபேசி. படம் எடுக்கவென்றே நஸீரைக் கூட்டி வந்திருந்தேன். என் கை நடுங்கும்.

"அண்ணன், போன்ல எங்க இரும்பு ஈக்கி? இது பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்" என்று நஸீர் வாதாடினார்.

"உள்ளுக்கு என்னா இருக்கு?"

"உள்ளுக்கு... எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாதுங்க தம்பி. அதனாலதான் வேணாங்கிறேன்."

 தொலைபேசிகள் குடையோடு வெளியே கிடந்தன. ஆகவே இந்தப் பதிவில் படம் கிடையாது. வாசகர்கள் என் சொல்லை நம்ப வேண்டும். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பெண்கள் ஐந்தாறு பேர் குந்தியிருந்து இலைகளைக் கையால் அள்ளத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு சாக்கு விரித்துக் கொடுத்தார்கள். நானும் அள்ளினேன். என் வயதுக்கு வேலை செய்யவேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள். "வேலை செய்யல, தேடுறேன்" என்றேன். நகத்துக்குள் மண் போனது. மண்புழுக்கள், ஒரு மரவட்டை, ஒரு தவளைக் குஞ்சு. மாரிமுத்துவின் உத்தரவோடு இரண்டு பெண்கள் பலாக்கிளையை மெதுவாகப் புரட்டினார்கள்.

"பாம்பு! பாம்பு!" லெச்சுமி எழுந்து நின்று கத்தினார். "அடிங்கடா, குட்டிப் பாம்பு!"

வட்டத்துக்கு வெளியே நின்ற ஓர் இளைஞன் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். எனக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை. சாக்கிலிருந்து முன்னால் விழுந்து, மண்ணோடு சேர்த்து அதை இரண்டு உள்ளங்கைகளாலும் மூடினேன். கம்பு என் கைக்கு மேலே நின்றது.

"அய்யோ, அம்மா, விட்டுருங்க! அது வெசம்!" என்றார் லெச்சுமி.

"பாம்புன்னா வெசம்னு சொல்றீங்க. அரணைன்னா?"

"அரணைன்னா அதவிட வெசம்மா! நக்குனாலே போச்சு!"

"நக்குனா நக்கட்டும், விடுங்க" என்றேன். தர்ஷினி அந்த இளைஞனிடமிருந்து கம்பை வாங்கிக்கொண்டார். "அத்தை, இது ஒண்ணும் பண்ணாது. பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்துட்டேன், வீட்டுல யாரும் கேட்டாத்தானே" என்றார்.

கையை மெல்லத் திறந்தேன். இனி எழுதுவது பார்த்தது.

என் ஆள்காட்டி விரலைவிட நீளம், வாலோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கறுப்புத் தேநீர் நிறம். ஒவ்வொரு செதிலிலும் ஒரு சின்னக் கருமை, ஆகையால் உடம்பு முழுக்கக் கோடு ஓடியது போல் தெரிந்தது. மண் ஒட்டவே இல்லை, எண்ணெய் பூசியது போல் வழுவழுப்பு. மூக்கு முனையில் நகம் போன்ற ஒரு மூடி. கண் என்று ஒரு புள்ளி. ஒரு கணம் அது அசையாமல் கிடந்தது. இடது கையால் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். கழுத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. கால். அன்று நான் சொன்னேனே, அதே அரிசி நொய். அதன் முனையில் மூன்று விரல்கள், ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும். பின்னால், வால் தொடங்கும் இடத்துக்கு அருகே, இன்னொன்று. மறுபக்கம் பார்க்கக் கையைச் சாய்த்தேன். அங்கும் இரண்டு.



"நஸீர்! இங்க வாங்க, சுறுக்கா! பாருங்க!"

நஸீர் செருப்பைக் கழற்றி, சட்டைப்பையைத் தடவி, ஒரு சாவியை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து குனிந்தார். அந்த நேரம் அது அசையத் தொடங்கியது. என் விரல்களுக்கிடையே நெளிந்து, மூக்கால் இடுக்கைத் தேடி, ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போனது. நஸீர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"காலா? எங்க மேடம் கால்? இது புழு மாதிரி ஈக்கி."

என் கணவரின் குரல் அல்ல. ஆனால் அதே வார்த்தை, அதே நிமிர்தல், அதே குழப்பம். குழப்பம் என்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை ஆண்டுகளாக அதை நான் குறும்பு என்று எண்ணியிருந்தேன்.

கண்ணாடியை வாங்கி நானே மறுபடி பார்த்தேன். கால்கள் இல்லை. உண்மையாகவே இல்லை. அது நகரும்போது நான்கையும் உடம்போடு பின்பக்கமாக மடித்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் செதிலோடு செதிலாகப் போய்விடுகிறது. நிற்கும்போது உள்ள கால் ஓடும்போது இல்லை. நான் சட்டிக்கு அடியில் பார்த்தது கிடந்த அரணை. அவர் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது ஓடிய அரணை.

அவர் பார்க்கவில்லை. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்த மனிதர் வங்கியில் முப்பது வருடம், தன் கண்ணால் ஒப்பிட்டுப் பாராத ஒரு கையெழுத்துக்குக்கூடத் தன் கையெழுத்தைப் போட்டதில்லை. மேலதிகாரி சொன்னாலும் போடமாட்டார், அதனால் இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போனது. அப்படிப்பட்டவரிடம் ஆஸ்பத்திரியில், எனக்காக ஒரு "ஆமாம்" சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு "இல்ல" என்றார். வேறு என்ன சொல்வார்?

"என்னங்கம்மா, கடிச்சிருச்சா?" என்று லெச்சுமி கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"இல்ல" என்றேன்.

லெச்சுமியையும் பார்க்கச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "காலு இருந்தா என்னா, இல்லாட்டி என்னாம்மா, மொதல்ல அத கீழ விடுங்க" என்றார். கிளையைத் திரும்ப இருந்தபடியே வைக்கச் சொன்னேன். அதன் ஓரத்தில் கையைச் சாய்த்தேன். தண்ணீருக்குள் போவது போல் மண்ணுக்குள் போய்விட்டது. கடைசியாக வால் நுனி. வால் முழுதாக இருந்தது என்பதை இங்கே பதிகிறேன். நான் அதைப் பிடித்த விதத்தில் குற்றம் காண யாரும் வரவேண்டாம்.

பத்து மணிக்குப் பூசை. தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் படைத்தார்கள், கத்திகள் இலையில் வரிசையாக உள்ளே போயின. அதன் பிறகு இரும்புக்குத் தடையில்லை. லெச்சுமி என் ஊசிகளைக் கொண்டுவந்து தானே குத்திவிட்டார், சற்றுக் கோணலாக. திருத்தவில்லை. நஸீர் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்ப எடுக்கலாமே மேடம், கட்டையப் பொறட்டவா?" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும் அதற்கு.

மாரிமுத்து பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு தர்ஷினியிடம், "அது கவ்வாத்துச் சாமியோட காலடியில கெடக்குற பிராணின்னு சொல்லிருந்தா யாரு புள்ள அடிக்கப் போறா? விலங்கியலு கிலங்கியலுன்னா எவன் கேப்பான்" என்றார். தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து அப்படியே சொல்வதாக ஏற்பாடு. விஞ்ஞானத்துக்கு இது பொருந்துமா என்று சிஸ்டரைக் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் கம்பு இறங்காது.

திரும்பும் வழியில், வத்தேகம தாண்டியதும், நஸீர் பேச்சைத் தொடங்கினார்.

"மேடம், நான் யோசிச்சேன். நீங்க பாத்தீங்க எண்டா ஈந்திக்கும். நானும் பாத்தேன் எண்டே வெச்சுக்கொள்ளுங்க. ஆரும் கேட்டா நாலு கால் எண்டு செல்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கல்ல..."

"அப்போ பார்க்கல்லன்னே சொல்லுங்க. யார் கேட்டாலும். நான் கேட்டாலும்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "சரி மேடம்" என்றார். மடவளையில் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, உம்மாவுக்கு என்னைக் காட்டினார். "உம்மா, இவதான் புழுவுக்குக் கால் ஈக்கி எண்டு செல்ற மேடம்." அந்த அம்மா சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீரில் சீனி அதிகம். ஆனாலும் முழுவதும் குடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்குப் பிந்திய ஒரு வாரம் நல்லது. வெயில் நாட்களில் அரணை ஆழத்துக்குப் போய்விடும். முழுக்கை ஆடை, அட்டை ஏறாமல் காலில் பூசச் சவர்க்காரம், ஒரு கைக்குட்டை. தோண்டாதீர்கள். மண்வெட்டி பட்டால் அது இரண்டாகிவிடும், நீங்கள் பார்க்க வந்தது அதற்கல்ல. கட்டையைக் கையால் புரட்டுங்கள், புரட்டியதை இருந்தபடியே திருப்பி வையுங்கள். வாலைப் பிடிக்காதீர்கள். தோட்டத்துக்குள் யாரையாவது கேட்டுக்கொண்டு போங்கள். சாமி இடத்தில் அவர்கள் சொல்வதே சட்டம், ஊசி சின்னது என்று வாதாடிப் பயனில்லை. பூதக்கண்ணாடி அவசியம், பித்தளையாக இருந்தால் நல்லது.

இன்னொன்று. தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கட்டையைப் புரட்டட்டும், மற்றவர் குனிந்து பார்க்கட்டும். பிறகு வீடு வரும்வரை ஒருவர் கால் இருந்தது என்று சொல்லட்டும், மற்றவர் இல்லை என்று சொல்லட்டும். அதற்கு ஓர் ஆள் இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள்.